பாஸ்ட் புட் கடைக்கு எதிர்வீடு

சங்கரன்கோவிலில் நெசவுக்காரர்கள் தெருவுக்குள் போய் நல்லகண்ணு வீடு எது என்று கேட்டால், "எந்த நல்லகண்ணு, அடிக்கிற நல்லகண்ணா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. மெலிந்த உடம்பு. சின்ன வயசிலிருந்து தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. கை மட்டும் இரும்பு. வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் கை போய்ச் சேர்ந்துவிடும்.

தியேட்டர் வரிசையில் முண்டியடித்த ஒருவனுக்கு முன்பல்லை உதிர்த்திருக்கிறார். அடிபம்பில் குடத்தை நகர்த்தி வைத்தவனின் காதைக் கடித்து, தையல் போட வைத்திருக்கிறார். சொந்த மைத்துனனைக் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால், சாம்பார் வாளியைத் தூக்கி அடித்தார். அடித்த பிறகு கோபம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்கா?" என்று கேட்பார். அதைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதரின் கையில், எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், மகள் பூமாரி பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் பேரன். கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சூடு. பயல் தாத்தாவின் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் போட்டான். நல்லகண்ணு அழுதுவிட்டார்.

அன்றிலிருந்து தறி ஓடியது பாதி நேரம்தான். நான்கு இழை ஓட்டுவார், எழுந்து போய்த் தொட்டிலை விலக்கிப் பார்ப்பார். பயல் கொட்டாவி விட்டால் தெருவையே கூப்பிடுவார்.

"ஏலே சங்கரபாண்டி, ஓடியாலே. எப்படிக் கொட்டாவி விடுதான் பாரு."

பக்கத்து வீட்டுச் சங்கரபாண்டி எட்டிப் பார்த்து, "கொட்டாவிதான அண்ணாச்சி. எங்க வீட்லயும்தான் விடுதாங்க," என்பான்.

"அது கொட்டாவி. இதுவும் அதுவும் ஒண்ணாலே?"

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் ஐந்தாம் மாசம்தான் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போவாள். ஆவணி வரைக்கும் பேரன் தன் வீட்டில் என்று நல்லகண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தார். பிள்ளையைப் பார்க்கச் சிவகிரியிலிருந்து சம்பந்தியம்மா முத்துத்தாய் வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அஞ்சு மாசம் இருக்கட்டும் அண்ணாச்சி, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஆனா உம்ம சங்கதி எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல அடிதடி, ரத்தம்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வண்டி கொண்டாந்துருவேன். புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவேன்."

"மதினி, இனிமே ஒரு ஈயக்கூட அடிக்கமாட்டேன்," என்றார் நல்லகண்ணு. அந்த நேரத்தில் அதை அவர் மெய்யாகவே சொன்னார்.

வைகாசியில் எதிர்வீட்டு முன்பக்கத்தை வாடகைக்குப் பிடித்துக் கடை போட்டான் மூக்காண்டி. பனவடலிசத்திரத்துக்காரன். மெட்ராசில் கொஞ்சகாலம் புரோட்டா அடித்தவன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் கடை பழகிவிட வேண்டும் என்று வேகவேகமாக வேலை பார்த்தான். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'மூக்காண்டி பாஸ்ட் புட்' என்று எழுதி மாட்டினான். அந்த ஊரில் அப்படியொரு பலகையை அதுவரை யாரும் கண்டதில்லை.

"அப்படின்னா என்னய்யா அர்த்தம்?" என்று சங்கரபாண்டி கேட்டான்.

"சட்டுனு வந்து, சட்டுனு தின்னுட்டு, சட்டுனு போயிரணும்."

"எங்க, பெரியாஸ்பத்திரிக்கா?"

கேலி பேசிய சங்கரபாண்டிதான் முதல் நாளே நாலு புரோட்டா தின்றான்.

பொழுது சாய்ந்தால் அடுப்புப் பற்றும். சால்னா கொதிக்கிற வத்தல் நெடி நேராக எதிர்வீட்டுக்குள் வரும். அதற்குப் பிறகு கொத்துப் புரோட்டா. இரண்டு கையிலும் இரும்புக் கரண்டியை வைத்துக்கொண்டு மூக்காண்டி கல்லின் மேல் கொத்தத் தொடங்கினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். தொட்டிலுக்குள் பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிப்பான். நெடியில் இருமுவான். அந்த இருமல் ஒவ்வொன்றும் நல்லகண்ணுவின் நெஞ்சில் இடித்தது.

மூன்று நாள் பல்லைக் கடித்தார். நாலாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

"வே மூக்காண்டி, எதிர்ல பச்சப்புள்ள கிடக்கு. அந்தத் தட்டுத தட்டைக் கொஞ்சம் கொறையும்."

"கொத்துப் புரோட்டான்னா கொத்தத்தான் செய்யணும் அண்ணாச்சி. தடவியா கொடுக்க முடியும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"புள்ள திடுக்கிடுதான்னு சொல்லுதேன்."

"விடிஞ்சதுல இருந்து உம்ம வீட்டுல தறி சடக்கு சடக்குன்னு ஓடுதே. அதுக்குத் திடுக்கிடாத புள்ள என் கரண்டிக்கா திடுக்கிடுதான்? அவன் என்ன, ஜமீன் வீட்டுப் புள்ளயோ?"

தன்னைச் சொல்லியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பார். பேரனைச் சொல்லிவிட்டான். நல்லகண்ணுவின் கை மூக்காண்டியின் கன்னத்தில் விழுந்த சத்தத்தில் பெஞ்சின் சிரிப்பு அப்படியே நின்றது. மூக்காண்டியும் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறவன் இல்லை. கொதிக்கிற சால்னாவை ஓர் அகப்பை மொண்டு வீசினான். நல்லகண்ணுவின் முன்கைத் தோல் வழன்று உரிந்தது. அவர் அந்தக் கையாலேயே அவன் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் இரண்டு தடவை இடித்தார். மூக்காண்டியின் புருவம் கிழிந்து, பிசைந்து வைத்த மைதா மாவில் ரத்தம் சொட்டியது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மாரித்தாய் வாழைக்குருத்தை வெட்டிக் கையில் சுற்றினாள். "ஈயக்கூட அடிக்கமாட்டேன்னீங்களே. சிவகிரிக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவா அந்தப் பொம்பள."

நல்லகண்ணு தொட்டிலை விலக்கிப் பார்த்தார். வெந்துபோன கையால் அன்றைக்குப் பேரனைத் தூக்க முடியவில்லை. அவருக்கு அதுதான் வலித்தது.

சிவகிரிக்குத் தெரியாமல் இருக்க, அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லும்படி தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். தொட்டிலைக் கழற்றித் தறிக்குப் பின்னால் இருட்டறையில் கட்டினார். ஈரவேட்டியை வாசலில் தொங்கவிட்டார். ஒன்றும் சரிப்படவில்லை. நெடி ஓட்டு இடுக்கு வழியாக இறங்கியது. இடையில் சங்கரபாண்டி வேறு.

"அண்ணாச்சி, கடைக்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? அந்தக் கெழவன் கை வெந்துபோச்சு, இனி பிச்ச எடுக்கத்தான் ஆவும்னு சொல்லுதான்."

சொன்னானோ இல்லையோ, தெரியாது. நல்லகண்ணு விசாரிக்கவில்லை. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சிப் பானையைத் தோளில் தூக்கினார். கடையில் நல்ல கூட்டம். நேராக நடந்துபோய், கொதிக்கிற கல்லின் மேலும் அடுப்பின் மேலும் பானையைக் கவிழ்த்தார். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. சாம்பலும் கஞ்சியும் தின்றுகொண்டிருந்தவர்களின் இலைமேல் தெறித்தன.

அப்புறம் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. ஆவிக்குள் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பெஞ்சுக்கால் ஒடிந்தது. ஒடிந்த காலால் ஒருவன் நல்லகண்ணுவின் விலாவில் குத்தினான். மூக்காண்டி கொத்துக் கரண்டியின் விளிம்பால் வீசியதில் நல்லகண்ணுவின் இடது காதுமடல் பிளந்தது. நல்லகண்ணு அவன் கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. காக்கிச்சட்டை வந்த பிறகுதான் தெரு ஓய்ந்தது. இருவரையும் ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒருவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கா?" என்று கேட்டார் நல்லகண்ணு.

"பேசாம இரும்வே," என்றான் மூக்காண்டி.

எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை மறைக்க முடியவில்லை. சிவகிரி பஸ்சில் போன யாரோ சொல்லி, முத்துத்தாயின் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாளே வந்தாள். வண்டி எதுவும் கொண்டுவரவில்லை, தனியாகத்தான் வந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நல்லகண்ணுவின் காதுக்கட்டைப் பார்த்தாள்.

"ஒரு தடவை விட்டுட்டேன் அண்ணாச்சி. இன்னொரு தடவை கிடையாது."

நல்லகண்ணு தலையை ஆட்டினார். காது வலியில் ஆட்டமே கோணலாக இருந்தது.

ஆனி பிறந்தது. கடை மறுபடி நடந்தது. கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு மூக்காண்டி கொத்தினான். நல்லகண்ணு சாயங்காலமானால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேரன் சிரிக்கக் கற்றிருந்தான். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, தாத்தா நாக்கைத் தட்டினால் மட்டும்தான் சிரிப்பான் என்று நல்லகண்ணு நம்பினார். அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று இருந்தார்.

அப்போதுதான் பாவு அறுந்தது.

விடிந்தும் விடியாமலும் தெருவில் பாவை நீட்டிக் கட்டுவது அங்கே வழக்கம். தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்து, இடையிடையே கம்பு கொடுத்துத் தாங்க வைத்து, கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். காய்கிற வரைக்கும் அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது. அன்றைக்கு நல்லகண்ணுவின் பாவு. கஞ்சி தடவி முடிகிற நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதான். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். நாக்கைத் தட்டி, சிரிக்க வைத்து, திரும்பி வந்து பார்த்தால் பாவு நட்டநடுவில் குறுக்காக அறுபட்டுக் கிடந்தது. ஆயிரக்கணக்கான இழைகள் ஈரத்தோடு மண்ணில் புரண்டிருந்தன. அறுத்த ஆட்டின் கழுத்தைப் பார்த்த மாதிரி மாரித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பார்த்தேன் அண்ணாச்சி," என்று சங்கரபாண்டி ஓடிவந்தான். "தலையில துண்ட முண்டாப் போட்டவன் ஒருத்தன். மூஞ்சி தெரியல. மேற்க ஓடிட்டான். நேத்து ராத்திரி கடை பெஞ்சுல முண்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் இருந்தாம்லா, அவனேதான்."

நல்லகண்ணு பாவுக்கம்பு ஒன்றைப் பிடுங்கினார். மாரித்தாய் காலைக் கட்டிக்கொண்டாள். "வண்டி வந்துரும், வண்டி வந்துரும்," என்று அதையே சொன்னாள். கடையும் பூட்டியிருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மூக்காண்டிய நான் தொடமாட்டேன். ஆனா முண்டு போட்ட பய மறுபடி அந்தக் கடையில உட்காரட்டும். எலும்ப எண்ணி எடுத்துருவேன்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் மருமகன் சண்முகையா வந்தான். சிவகிரியில் அரிசி மில் வேலை. அம்மா எவ்வளவு சத்தமோ, மகன் அவ்வளவு சாது. நல்லகண்ணு நெய்த துணியைக் கொடுக்க நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தார். சண்முகையா பிள்ளையைக் கொஞ்சினான், பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். வெள்ளிக்கிழமை ஆனதால் வீட்டில் கறி கிடையாது. பிள்ளை பெற்றவள் பத்தியத்தில் இருந்ததால் குழம்பிலும் காரம் கிடையாது. மாரித்தாய் பூண்டு ரசமும் சுட்ட அப்பளமும் வைத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டைக் கொத்தின் வாசனை வந்துகொண்டே இருந்தது.

"பசிக்கல அத்தை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்."

மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, அதே தெருவில் கடையில் உட்கார்ந்து தின்றால், மாமியார் வீட்டில் சோறு போடவில்லை என்று ஊர் பேசும். அதிலும் மாமனாரின் காதைக் கிழித்த கடை. சண்முகையா தெருமுனை வரைக்கும் போனான். அங்கே தோள்துண்டை எடுத்துத் தலையில் போட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு, சுவரோரமாகத் திரும்பி வந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி, கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மூக்காண்டிக்கு மட்டும் காதோடு சொன்னான்.

"அண்ணாச்சி, நான் எதிர்வீட்டு மாப்பிள்ள. சட்டுனு ஒரு முட்டைக் கொத்து. வெளிய தெரிய வேண்டாம்."

மூக்காண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உம்ம மாமனாருக்கு மேல நீரு நல்ல மனுசன்வே," என்று கூட ஒரு முட்டை உடைத்துப் போட்டான்.

விளக்கு வைத்த நேரம். நல்லகண்ணு தெருவுக்குள் நுழைந்தார். வெறுங்கையோடு, அன்றைக்கு நல்ல மனசோடுதான் வந்தார். பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை மடியில் இருந்தது. கடையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தார். ஆனால் தலையில் துண்டு போட்ட உருவம் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே போய்க் கேட்கலாம், துண்டை விலக்கிப் பார்க்கலாம் என்றெல்லாம் தோன்றவில்லை. சுவரில் சாய்த்த கம்பு கைக்கு வந்ததுகூட அவருக்குத் தெரியாது.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கல்லின் சத்தத்துக்கு மேலே கேட்டது. இரண்டாவது தலையில். துண்டு சிவந்தது. அந்த ஆள் முன்னால் சாய்ந்து, ஊன்றிக்கொள்ளக் கையை நீட்டினான்; நீட்டிய கை கல்லின் மேல் போய்ப் பதிந்தது. சதை பொரிகிற வாடை முட்டை வாடையோடு கலந்தது. அவன் கத்தினான். நல்லகண்ணு மூன்றாவது அடிக்கு ஓங்கினார். மூக்காண்டி கல்லைத் தாண்டிக் குதித்து, துணி சுற்றிய கையால் கம்பைப் பிடித்தான்.

"ஏ பாவி மனுசா! உம்ம மருமவன்வே!"

துண்டு நழுவியது. நல்லகண்ணு பார்த்தார். "மாமா," என்றான் சண்முகையா, ஏதோ தப்பு செய்துவிட்டுப் பிடிபட்டவன் மாதிரி.

மூக்காண்டிதான் அவனைத் தூக்கி, காய்கறி வண்டியில் கிடத்தி, பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான். நல்லகண்ணு பின்னாலேயே ஓடினார். ஓடிக்கொண்டே, வாயில் பழகிப்போன வார்த்தை வந்துவிட்டது.

"வலிக்கா மாப்ள?"

மூக்காண்டி வண்டியை நிறுத்தாமலே திரும்பி அவர் முகத்தில் துப்பினான். நல்லகண்ணு துடைத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார். சண்முகையா, "பஸ்சுல இருந்து எறங்கையில விழுந்துட்டேன்," என்றான்.

"உள்ளங்கை எப்படிவே வெந்துச்சு?"

"பஸ்சு சூடா இருந்துச்சு சார்."

கேஸ் இல்லை. கடையில் தின்ற சங்கதி வெளியே வரக்கூடாது என்பதுதான் அவனுக்கு அப்போதும் கவலை.

ராத்திரியே சேதி போய், மறுநாள் காலையில் சிவகிரியிலிருந்து வண்டி வந்தது. முத்துத்தாய் சத்தம் போடவில்லை. நேராக உள்ளே போய், தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். பூமாரி அழுதுகொண்டே துணிமணியைப் பையில் திணித்தாள். நல்லகண்ணு வாசலை மறித்து நின்றார்.

"மதினி, இன்னும் மூணாம் மாசம்கூட முடியல. ஆவணி வரைக்கும்..."

"வழி விடும்."

அவர் விடவில்லை. முத்துத்தாய் பிள்ளையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கிட்டே வந்து நின்றாள்.

"அடிக்கணும்னா அடியும். எம்மவனுக்கு ஒரு தோள் போச்சு. எனக்கு ரெண்டும் இருக்கு."

நல்லகண்ணு ஒதுங்கினார். பூமாரி தாண்டிப் போகும்போது அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள், "யப்பா, ஒரு தடவை துண்ட வெலக்கிப் பாத்திருக்கக் கூடாதா?"

வண்டி போன பிறகு தெரு அமைதியாக இருந்தது. சாயங்காலம் அடுப்பு பற்றியது. நல்லகண்ணு தெருவைத் தாண்டி வந்ததும் தின்றுகொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்தார்கள். மூக்காண்டி கரண்டியை இறுக்கிப் பிடித்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நல்லாத் தட்டும்வே. இனி எங்க வீட்டுல திடுக்கிட ஆளில்ல."

மூக்காண்டி கரண்டியைக் கீழே வைத்தான். "ஒம்ம பாவ நான் அறுக்கலவே. எனக்கு அறுக்கணும்னா பட்டப்பகல்ல வந்து அறுத்திருப்பேன்."

"யாரு அறுத்தா என்ன. நான் அறுத்துக்கிட்டது வேறல்லா."

யார் அறுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சங்கரபாண்டி மட்டும் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

நல்லகண்ணு சிவகிரிக்குப் போனார். பிள்ளை தூங்குகிறான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவையும் தூங்கினான். ஆடித்தபசு போனது, ஆவணி போனது, மழைக்காலம் வந்தது. சண்முகையாவின் தோள் கூடியதும் அவனே அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். கார்த்திகையில் போனபோது உள்ளே வரச்சொன்னார்கள்.

மாப்பிள்ளை, "வாங்க மாமா," என்றான். உள்ளங்கை சுருங்கி, பளபளவென்று இருந்தது. நல்லகண்ணு அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முத்துத்தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னம் கன்னமாக வளர்ந்திருந்தான். கீழ்வரிசையில் இரண்டு பல். நல்லகண்ணு எழுந்து, சிரித்து, நாக்கைத் தட்டினார்.

பயல் அவரைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதுகொண்டு முத்துத்தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தான்.

"புது முகம்லா அண்ணாச்சி," என்றாள் முத்துத்தாய். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது உள்ளபடியான பேச்சு. அதனால்தான் விலாவில் வாங்கிய குத்தைவிட அது உள்ளே இறங்கியது.

போய்விடலாம் என்று துண்டை எடுத்தார். எடுத்தவர் திரும்பவும் கீழே வைத்தார்.

"மதினி, நான் அந்த ஓரமா இருந்துக்கிடுதேன். கிட்ட வரமாட்டேன். கடைசி பஸ்சு வரைக்கும் பார்த்துப் பழகட்டும்."

வாசல் நிலையை ஒட்டி, கால்களை மடக்கி உட்கார்ந்தார். பூமாரி காப்பி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. பிள்ளையைப் பாயில் விட்டார்கள். அவன் அழுகையை நிறுத்தி, ஓரக்கண்ணால் பார்த்தான். திரும்பினான். மறுபடி பார்த்தான். ஒரு கையை ஊன்றி, வயிற்றால் இழுத்துக்கொண்டு, பாயின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டான்.

நல்லகண்ணுவின் முன்கையில், பழைய தழும்பின் பக்கத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. ரத்தத்தைக் குடித்து வயிறு சிவந்து, அது பருத்துக்கொண்டே போனது. தட்டினால் சத்தம் கேட்கும். அவர் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.